எச்ஐவி மாத்திரை சாப்பிடறேன், இப்ப மஞ்சக்காமாலை, ரிப்போர்ட்ல "எச்இவி பாசிட்டிவ்"னு இருக்கு, மாத்திரைய நிறுத்துனது சரியா?

பனிமூட்டம்:

அண்ணா அக்காமாருக்கு வணக்கம்ங்க. பேரு போடல, மன்னிச்சுக்கோங்க. வயசு 38, கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரில வேல, லயன் வீட்டுல இருக்கோம். எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சு 6 வருசமாச்சு. ஊட்டில மாத்திரை வாங்குனா தெரிஞ்ச மொகம் எதாவது பாத்துரும்னு கோயமுத்தூருக்கே எறங்கிப் போய் வாங்கிட்டு வர்றேன், ராத்திரி ஒரே ஒரு மாத்திரை, டிஎல்டின்னு சொல்வாங்கல்ல அது. போன வருசம் வைரல் லோடு பாத்தப்ப வைரஸே தெரியலன்னு வந்துச்சு, அதுக்கு முந்தி எடுத்த சிடி4, அதான் ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி செல் கணக்கு, 460. சம்சாரத்துக்குத் தெரியும், அவளுக்கு நெகட்டிவ். வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

இப்ப ரெண்டு வாரமா சாப்பாடு எறங்கல, ஃபேக்டரில இலை வாட்டுற எடத்துக்குப் போனாலே அந்த வாசனைக்குக் குமட்டுது, இத்தன வருசம் அதுலயே கெடந்தவன் நான். மூத்திரம் டிகாஷன் மாதிரி போகுது. கண்ணு மஞ்சளா இருக்குன்னு சம்சாரம் சொன்னதும் பக்கத்துல ஒரு கிளினிக்குக்குப் போனேன், ரத்தம் எடுத்தாங்க, ஈரல் டெஸ்ட்ல பிலிரூபின் 7.8, எஸ்ஜிபிடி 1240, ரெண்டுமே ரொம்ப ஜாஸ்தி. கூட "எச்இவி ஐஜிஎம் பாசிட்டிவ்"னு ஒரு வரி. அந்த டாக்டர்கிட்ட எச்ஐவி பத்தி நான் வாயத் தொறக்கல.

ரிப்போர்ட்ட வாங்கப் போனது எங்க மச்சான். வழியெல்லாம் அதப் பிரிச்சுப் படிச்சுட்டு வந்து "என்ன மாப்ள எச்ஐவின்னு போட்டுருக்கு"ன்னு கேட்டாரு பாருங்க, உசுரே போயிருச்சு. நடு எழுத்து வேறன்னு சொல்லி பேப்பரப் புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். நம்புனாரா இல்லையான்னு தெரியல.

மாத்திரையாலதான் ஈரல் கெட்டுப்போச்சுன்னு பயந்து டிஎல்டிய 5 நாளா நிறுத்திட்டேன். சரியா தப்பா? எங்க லைன்ல இன்னும் மூணு பேருக்குக் காமாலை இருக்குங்க, அவங்கெல்லாம் கீழாநெல்லி குடிக்கிறாங்க. எல்லாருக்கும் ஒரே ஊத்துத் தண்ணிதான், ரப்பர் ஓஸ் போட்டு வருது. மச்சான் சம்சாரம் ஏழு மாசம், அதுவும் அதே தண்ணிதான் குடிக்குது. அதையும் சேத்துச் சொல்லிட்டேன்.

*

கூடலூர்_கபாலி:

நண்பா பயப்படாதீங்க, காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கெடையாது, எல்லா மாத்திரையும் நிறுத்திட்டு கீழாநெல்லிய வேரோட புடுங்கி அரைச்சு மோர்ல கலந்து வெறும் வயித்துல குடிங்க, உப்பு எண்ணெய் ரெண்டையும் தொடாதீங்க. எங்க பாட்டி நூறு பேரக் குணமாக்கிருக்கு. எச்ஐவி மாத்திரை சூடு, ஈரல் ஆறுன அப்பறம் மெதுவா ஆரம்பிச்சுக்கலாம்.

*

கொடைக்காரி:

கபாலி, பாட்டி மேல மரியாதை இருக்கு, ஆனா "நிறுத்துங்க"ன்னு சொன்னீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்ன வெல குடுத்தேன்னு கேட்டுக்கோங்க.

நான் கொடைக்கானல் பக்கம், 2007ல இருந்து மாத்திரைல இருக்கேன். அப்பெல்லாம் இப்ப மாதிரி ஒத்த மாத்திரை இல்ல, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, காலு எரியும், கன்னம் ஒட்டிப்போகும், ஆளப் பாத்தே கண்டுபுடிச்சுருவாங்க. 2011ல எனக்குக் காமாலை வந்துச்சு. கீழ ஒரு வைத்தியர் மாத்திரைய நிறுத்துன்னாரு, நானும் மூணு மாசம் நிறுத்திட்டேன். காமாலை ஒரு மாசத்துல தானாப் போயிருச்சு, பெருமையா எல்லார்கிட்டயும் சொன்னேன் வேற. ஆனா அந்த மூணு மாசத்துல 390 இருந்த சிடி4 140க்கு வந்து, பின்னாடியே டிபி வந்து ஆறு மாசம் படுத்துட்டேன். காமாலை என்னைக் கொல்லல, நிறுத்துனதுதான் கொல்லப் பாத்துச்சு.

தம்பி, இன்னிக்கே மாத்திரை வாங்குற சென்டருக்குப் போன் பண்ணுங்க. புக்குல நம்பர் இருக்கும். திட்டுவாங்கன்னு பயந்தீங்கன்னா, ஆமா கொஞ்சம் திட்டுவாங்க, வாங்கிக்கோங்க.

*

பழைய_லேப்காரன்:

குன்னூர் பக்கம், லேப் டெக்னீசியனா 30 வருசம் இருந்து ரிட்டயர் ஆனவன். டாக்டர் இல்ல, அத மனசுல வெச்சுப் படிங்க.

மொதல்ல அந்த எழுத்து விஷயம். எச்ஐவி வேற, எச்இவி வேற. எச்இவின்னா ஹெபடைட்டிஸ் இ வைரஸ், ஈரல்ல காமாலைய உண்டாக்குறது, மலம் கலந்த தண்ணி வழியா வருது. ரெண்டுக்கும் சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல. ரிப்போர்ட்ல அந்தப் பேர முழுசா எழுதிக் குடுத்தா உங்க வீட்டு மாதிரி கலவரம் நடக்காது, நாங்க வேலையில இருந்தப்பவும் மூணு எழுத்துதான் அடிச்சுக் குடுப்போம், அது தப்புன்னு இப்பத்தான் உறைக்குது.

ஐஜிஎம் பாசிட்டிவ்னா புதுசா வந்த தொற்று. எஸ்ஜிபிடி ஆயிரத்துக்கு மேல, கூடவே அதே ஓஸ் தண்ணி குடிச்ச மூணு பேருக்குக் காமாலை, அப்பறம் டிஎல்டிய எதுக்குத் திட்டுறீங்க? ஆறு வருசமா ஒழுங்கா இருந்துட்டு திடீர்னு அதுக்கு மட்டும் புத்தி கெட்டுப்போகுமா? உங்கள மாதிரி சிடி4 நல்லா இருக்குறவங்களுக்கு இந்தக் காமாலை பெரும்பாலும் மத்தவங்களுக்கு வர்ற மாதிரியேதான் வந்து 2லருந்து 6 வாரத்துல தானா அடங்கும். இதுக்குன்னு கிருமியக் கொல்ற மருந்து ஒண்ணும் வேண்டியதில்ல, ஓய்வு, சாப்பாடு, தண்ணி, சாராயத்த மோந்துகூடப் பாக்கக் கூடாது, காய்ச்சல் மாத்திரையக் கண்டபடி முழுங்கக் கூடாது, அவ்வளவுதான்.

டிஎல்டில இன்னொரு சூட்சுமம் இருக்கு. அதுக்குள்ள இருக்குற டெனோஃபோவிர், லாமிவுடின் ரெண்டும் ஹெபடைட்டிஸ் பி கிருமியையும் அடக்கி வெக்கிற மருந்து. ஒருத்தருக்கு உடம்புல பி இருந்து, அது தெரியாம டிஎல்டிய நிறுத்துனா, அடங்கிக் கெடந்த பி கெளம்பி ஈரல உண்டுஇல்லைன்னு பண்ணிரும். ஏற்கனவே இ வந்து வீங்கிக் கெடக்குற ஈரல். அதனால பி இருக்கான்னு பாக்குற எச்பிஎஸ்ஏஜி டெஸ்ட் எடுத்துருக்காங்களான்னு புக்குல பாருங்க.

அந்த கிளினிக் டாக்டர்கிட்ட எச்ஐவி பத்தியும் சொல்லணும்ங்க. சொல்லாம விட்டா அவர் பாதிக் கண்ண மூடிக்கிட்டு வைத்தியம் பாக்குற மாதிரி.

ஆனா உங்க பதிவுல என்னைத் தூக்கிவாரிப் போட்டது நீங்க இல்ல, கடைசில "சேத்துச் சொல்லிட்டேன்"னு போட்டிங்களே, அந்த ஏழு மாசம். ஹெபடைட்டிஸ் இ மத்தவங்களுக்கு வந்துட்டுப் போற நோய், கடைசி மூணு மாசக் கர்ப்பத்துல வந்தா அஞ்சுல ஒருத்தர், நாலுல ஒருத்தர்னு உயிர் போயிருக்கு. காஷ்மீர்ல 1978ல இது பரவுனப்பவும் இந்தக் கொடுமைய டாக்டர்மார் பாத்தாங்க. அந்தப் பொண்ணுக்கு இந்த நிமிசத்துலருந்து கொதிக்க வெச்ச தண்ணி மட்டும்தான், வாய் கொப்பளிக்கக்கூட. முடிஞ்சா பிரசவம் வரைக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்பிருங்க, பிரசவம் பாக்குற டாக்டர்கிட்ட லைன்ல காமாலை இருக்குன்னு சொல்லச் சொல்லுங்க.

அப்பறம் ஒரு கேள்வி. டிஎல்டி தவிர வேற என்னென்ன முழுங்குறீங்க? எல்லாத்தையும் எழுதுங்க, வைட்டமினா இருந்தாலும்.

*

பனிமூட்டம்:

அண்ணா படிச்சுட்டுக் கை நடுங்குது. தங்கச்சிக்கு, அதான் மச்சான் சம்சாரத்துக்கு, உடனே தண்ணி கொதிக்க வெக்கச் சொல்லிட்டேன்.

வேற மாத்திரைன்னா, ரெண்டு மாசம் முன்ன சென்டருக்குப் போனப்ப வெள்ளையா ஒரு மாத்திரையும் கூட ஒரு பி6 வைட்டமினும் குடுத்தாங்க, ஆறு மாசம் சாப்பிடச் சொன்னாங்க. சத்து மாத்திரைன்னு அதை மட்டும் விடாம சாப்பிட்டுட்டு இருக்கேன். கிளினிக்ல வயித்துக்கு ஒரு வெள்ளை சிரப்பும் குடுத்துருக்காங்க.

*

பழைய_லேப்காரன்:

கெட்டுது போங்க! அட்டையத் திருப்பிப் பாருங்க, ஐசோனியாசிட்னு போட்டுருக்கா? அது சத்து மாத்திரை இல்ல சாமி, டிபி வராம இருக்க முன்கூட்டிக் குடுக்குறது. நல்ல மாத்திரைதான், எச்ஐவி இருக்குறவங்களுக்கு டிபி பெரிய எமன். ஆனா சிலருக்கு ஈரலப் பதம் பாக்குறது அதுதான். கண்ணு மஞ்சளானா, வாந்தி வந்தா அத நிறுத்திட்டு உடனே வந்து காட்டுங்கன்னு குடுக்கும்போதே சொல்வாங்க, கூட்டத்துல உங்க காதுல விழுந்துருக்காது. பி6 கூடக் குடுக்குறது அந்த மாத்திரையால கை கால் மதமதப்பு வராம இருக்க.

ஆக நிறுத்தக் கூடாதத நிறுத்திட்டு, நிறுத்த வேண்டியத விடாம சாப்பிட்டுருக்கீங்க. இன்னிக்கு அந்த வெள்ளை மாத்திரையப் போடாம சென்டருக்குப் போன் அடிங்க, டிஎல்டிய எப்ப திரும்ப ஆரம்பிக்கணும், அந்த டிபி மாத்திரைய என்ன பண்ணனும்னு அவங்க சொல்லட்டும். திரும்ப ஆரம்பிக்கும்போது அந்த வெள்ளை சிரப்பப் பத்தியும் சொல்லுங்க, அசிடிட்டி சிரப், இரும்பு, சுண்ணாம்புச் சத்து டானிக் இதெல்லாம் டிஎல்டியோட சேந்தா மருந்து உடம்புல ஏறாம வெளிய போயிரும். டிஎல்டிய 2 மணி நேரம் முன்னாடி போடணும், இல்ல அதுங்களக் குடிச்சு 6 மணி நேரம் கழிச்சு.

பகல்ல தூங்கிட்டே இருக்கறது, பேச்சு கொழர்றது, வாந்தி நிக்காம வர்றது, ஈறுல ரத்தம், வயிறு உப்புறது, இதுல ஒண்ணு வந்தாலும் போன் பண்ணிட்டு இருக்காதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி.

*

கூடலூர்_கபாலி:

சரிண்ணா, நிறுத்தச் சொன்னது என் தப்பு, வாபஸ். ஆனா கீழாநெல்லிய விட்டுக் குடுக்க மாட்டேன், மெட்ராஸ்லயே ஆராய்ச்சி பண்ணிருக்காங்கல்ல. அப்பறம் இந்த எச்இவி காட்டுப்பன்னி கறியால வருதுன்னு ஒரு வீடியோல பாத்தேன், எங்க பக்கம் அது ஜாஸ்தி, உண்மையா?

*

பழைய_லேப்காரன்:

அந்த மெட்ராஸ் ஆராய்ச்சி 1988ல வந்தது, அது பி கிருமிக்கு. பின்னாடி மத்தவங்க செஞ்சு பாத்தப்ப அதே பலன் வரல. இ காமாலை தானாவே போற நோய், அதனால அன்னிக்கு எதக் குடிச்சிருந்தாலும் அதுக்குப் பேர் கெடைக்கும், உங்க பாட்டிக்கும் அப்படித்தான். கீழாநெல்லியோட நிறுத்துனாக்கூடப் பரவால்ல, என்ன கலந்துருக்குன்னு தெரியாத சூரணம், லேகியம்தான் பயம். உப்பு எண்ணெய் இல்லாம பட்டினி போடறதும் வேண்டாம், எறங்குறத நல்லா சாப்பிடட்டும்.

பன்னி விஷயம் பாதி உண்மை. இந்தக் கிருமில வகை உண்டு. 1, 2 வகை மனுசனுக்கு மட்டும், தண்ணில பரவும். 3, 4 வகை பன்னி, காட்டுப்பன்னி, மான்ல இருந்து சரியா வேகாத கறி வழியா வரும், ஐரோப்பா, ஜப்பான் பக்கம் அதுதான் தொல்லை. நம்ம நாட்டுல மனுசங்களுக்கு வர்றது 1ஆம் வகை. காட்டுப்பன்னி சாப்பிட்டா உங்களுக்குக் காமாலைக்கு முந்தி ஃபாரஸ்ட் கேஸ் வந்துரும்.

இத ஏன் சொல்றேன்னா பனிமூட்டம், நீங்க தேடிப் பாத்தா "எச்ஐவி இருந்தா எச்இவி உடம்பவிட்டுப் போகவே போகாது"ன்னு எழுதியிருக்கும், அதப் பாத்து மறுபடி பயந்துராதீங்க. 2009ல இங்கிலாந்துல எச்ஐவி உள்ள ஒருத்தருக்கு இந்தக் கிருமி மாசக்கணக்கா போகாம ஈரல் கெட்டுப்போச்சுன்னு எழுதுனாங்க, அது 3ஆம் வகை, சிடி4 ரொம்பக் கீழ இருந்த ஆளு. அப்படி ஆகறவங்க பெரும்பாலும் சிடி4 200க்குக் கீழ இருக்குறவங்க. அவங்களுக்கு ரிபாவிரின்னு மருந்து குடுத்துப் பாக்குறாங்க, அதுக்கும் மேல எச்ஐவி மாத்திரையால சிடி4ஐ ஏத்துறதுதான் பெரிய வைத்தியம். இன்னொண்ணு, சிடி4 கம்மியா இருக்குறவங்களுக்கு ஐஜிஎம் நெகட்டிவ்னு வந்தாலும் நம்ப முடியாது, உடம்பு எதிர்ப்புச் சக்திய உண்டாக்குனாத்தான அந்த டெஸ்ட்ல தெரியும், அப்ப கிருமியவே தேடுற ஆர்என்ஏ டெஸ்ட் எடுக்கணும். உங்களுக்கு மூணு மாசம் கழிச்சும் எஸ்ஜிபிடி எறங்காம இருந்தா அந்த டெஸ்ட் கேளுங்க, இப்ப வேண்டாம்.

*

டேங்க்_ஆபரேட்டர்:

பஞ்சாயத்துல தண்ணி தொறந்து விடுற வேலை எனக்கு, நானும் நம்ம ஜில்லாதான். படிச்சுட்டு சும்மா போக முடியல.

அந்த ஓஸ் எது வழியா வருதுன்னு போய்ப் பாருங்க. பத்துக்கு எட்டு லைன்ல கக்கூஸ் குழிக்குக் கீழயோ பக்கத்துலயோதான் ஓஸ் போகும், கல்லுல ஒரசி, மாடு மிதிச்சு, எங்கயாவது கிழிஞ்சிருக்கும், கந்தல் துணி சுத்தி வெச்சுருப்பாங்க. ஓஸ்ல தண்ணி ஓடற வரைக்கும் சரி, நின்னவுடனே வெளிய இருக்குற சேறு உள்ள இழுத்துக்கும். ஐப்பசி மழைல இது நடந்துருக்கும்.

யாராவது வந்து தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டு "நல்லாருக்கு"ன்னு சொன்னா சந்தோசப்பட்டுறாதீங்க. இந்தக் கிருமி உள்ள போய் காமாலையா வெளிய தெரிய 2 வாரத்துலருந்து 10 வாரம் ஆகுமாம், எங்களுக்கு ட்ரெய்னிங்ல சொன்னாங்க, அப்ப நீங்க குடிச்சது போன மாசத் தண்ணி, அவங்க டெஸ்ட் பண்றது இன்னிக்குத் தண்ணி. அதே ட்ரெய்னிங்ல டெல்லி கதையும் சொன்னாங்க, 1955 கடைசில யமுனைல சாக்கடை கலந்து 29,000 பேருக்கு மேல காமாலை, இத்தனைக்கும் அங்க குளோரின் போட்டுட்டுதான் இருந்தாங்க, டைஃபாய்டு கூடல, இது மட்டும் கூடுச்சு. அதனால டேங்க்ல ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர அள்ளி வீசிட்டா முடிஞ்சுதுன்னு இல்ல. கலங்கலா இருந்தா மருந்து சேத்துலயே வீணாப் போகும். தெளிஞ்ச தண்ணில போட்டு அரை மணி நேரம் விட்டு, குழாயில புடிச்சுப் பாத்தா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் நிக்கணும், சாதாரண நாள்ல 0.2 போதும்.

வீட்டுல கொதிக்க வெக்கிறதுதான் கைமேல பலன். ஆனா நம்ம மலைல பருப்பு குக்கர் இல்லாம வேகாதுல்ல, ஏன்னா தண்ணி 100 டிகிரி வர்றதுக்கு முன்னயே கொதிச்சுரும், ஊட்டில 93 கிட்டயே தள தளன்னு வந்துரும். அதனால கீழ ஊருல மாதிரி கொதி வந்ததும் எறக்காதீங்க, கொதி வந்து 3 நிமிசம் விடுங்க. வெதுவெதுன்னு சூடு பண்ணிக் குடிக்கிறவங்கதான் நம்ம ஊருல ஜாஸ்தி, குளிருக்குக் குடிக்கிறது அது, கிருமிக்கு இல்ல.

*

கொடைக்காரி:

தம்பி, மச்சானப் பத்தி ஒண்ணு. கிளினிக்ல சொன்னா ஊருக்கே தெரிஞ்சுரும்னுதான சொல்லாம இருக்கீங்க? 2017 சட்டம் ஒண்ணு இருக்கு, எச்ஐவி இருக்குன்னு உங்க சம்மதம் இல்லாம டாக்டர் வெளிய சொல்லக் கூடாது, அதக் காரணமா வெச்சு வேலையவிட்டு எடுக்கவும் கூடாது. சட்டம் இருக்குறதுனால எல்லாரும் வாய மூடிக்குவாங்கன்னு நான் சொல்லல, எனக்கே அனுபவம் இருக்கு. டாக்டர்கிட்ட தனியா, சம்சாரத்த மட்டும் வெச்சுக்கிட்டு சொல்லுங்க. 1097க்கு அடிச்சாலும் பேசுவாங்க, காசு இல்ல, பேரும் சொல்ல வேண்டாம்.

*

பனிமூட்டம்:

அஞ்சு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க, எந்திரிச்சு நடமாடவே இவ்வளவு நாளாச்சு.

அன்னிக்கே சென்டருக்குப் போன் பண்ணேன், அட்டைல ஐசோனியாசிட்தான் போட்டுருந்துச்சு. மறுநாளே வரச் சொன்னாங்க, மேட்டுப்பாளையம் எறங்குறதுக்குள்ள பஸ்ல ரெண்டு தடவ வாந்தி. கொடைக்காரி அக்கா சொன்ன மாதிரி திட்டு விழுந்துச்சு, ஆனா உக்கார வெச்சு இளநி வாங்கிக் குடுத்துட்டுத் திட்டுனாங்க. டெஸ்ட்ல ஹெபடைட்டிஸ் பி, சி ரெண்டும் இல்ல. டிபி மாத்திரைய நிறுத்திட்டாங்க, ஈரல் சரியானப்பறம் பாக்கலாம்னாங்க. டிஎல்டிய அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கச் சொன்னாங்க. கிளினிக் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன், அவர் மொகம் ஒரு நொடி மாறுச்சு, அப்பறம் "இத மொதல்லயே சொல்லிருந்தா நான் வேற மாதிரி பாத்துருப்பேனேப்பா"ன்னு மட்டும் சொன்னாரு. போன வாரம் எஸ்ஜிபிடி 96, பிலிரூபின் 1.4. ஃபேக்டரி வாசனை இப்ப குமட்டல.

தங்கச்சி அம்மா வீட்டுக்குப் போயிருச்சு, டெஸ்ட் எடுத்தாங்க, ஈரல் நல்லாருக்கு, ஆனா இன்னும் சில வாரம் பாக்கணும்னு சொல்லிருக்காங்க. அதுதான் நெஞ்சுக்குள்ள கெடந்து அடிச்சுக்குது.

ஓஸ் கக்கூஸ் குழிய ஒட்டித்தான் போகுது, டேங்க் அண்ணன் நேர்ல வந்து பாத்த மாதிரி சொன்னாரு. துணி சுத்துன எடம் மூணு. மச்சான்கிட்ட கர்ப்பத்துல இது வந்தா என்ன ஆகும்னு சொன்னதும் மனுசன் ஒரு வார்த்த பேசல, பீரோவத் தொறந்து அந்த ரிப்போர்ட்ட எடுன்னாரு. நான் பூட்டி வெச்ச அதே பேப்பர். அத எடுத்துட்டு எஸ்டேட் ஆபீஸ்ல போய் நின்னு "எச்இவி, எச்இவி, படிங்க, எங்க லைன் தண்ணில இருக்கு"ன்னு எல்லாருக்கும் காட்டிக் காட்டி சத்தம் போட்டுருக்காரு. நேத்து இரும்பு பைப்பு ரெண்டு லோடு எறங்கிருக்கு, குழி இன்னும் வெட்டல.